இதம்

ஏழாவது நடமாடும் தொடர்பு அணியின் வரலாற்றை எழுத ஒப்புக்கொண்டபோது ஜெசிந்தாவுக்கு அந்த அணியைப் பற்றி நல்ல எண்ணம்தான் இருந்தது. வேலூரில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிப்பவள் அவள். இந்த மாவட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களைப் பற்றித்தான் ஆய்வும் செய்திருந்தாள். அணியின் வைரவிழாவுக்குத் தமிழில் ஒரு நூல் வேண்டுமென்று அவளைத் தேடி வந்தார்கள். வீரர்களில் பாதிப்பேர் ஒடுகத்தூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் வீட்டார் படிக்க வேண்டும் என்றார்கள்.

முதல் அத்தியாயங்களை அவள் ஆசையாகவே எழுதினாள். கோவேறு கழுதைகளின் முதுகில் கம்பிச்சுருள்களை ஏற்றிக்கொண்டு மலையேறியவர்கள். குண்டு விழுந்து கம்பி அறுந்தால், பனிக்குள் கையை விட்டுத் தடவித் தடவி அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தவர்கள். பிறகு லாரிகள் வந்தன, லாரியின் கூரையில் விரியும் கோபுரங்கள் வந்தன. ஒரு பெரும்புயலில் கடலோரம் முழுக்கத் தொடர்பு அற்றுப்போனபோது, இந்த அணியின் வண்டி சேற்றுக்குள் நின்றது; ஊர்ச்சனம் வரிசையில் நின்று "உயிரோட இருக்கேன்" என்று உறவுகளிடம் சொல்லிவிட்டு நகர்ந்தது. அந்தப் பகுதியை எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது.

ஆறாவது அத்தியாயம் பனிமலைப் போர். அது நடந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அப்போது அணிக்குத் தலைவராக இருந்த கர்னல் சந்திரமோகன் ஓய்வுபெற்றுக் காட்பாடியில் இருந்தார். ஒரு ஞாயிறு காலை ஜெசிந்தா அவர் வீட்டுக்குப் போனாள்.

எழுபதைத் தாண்டியவர் என்று சொல்ல முடியாத உடம்பு. சலவை மணக்கும் சட்டை. தட்டில் மிக்சரும் இரண்டு டம்ளர் காபியும் வைத்திருந்தார்.

"இதுவரைக்கும் நீங்க எழுதினதெல்லாம் பழைய கதை மேடம். கழுதை, கம்பி, லாரி. எங்க அணியோட உண்மையான சாதனை இனிமேதான் வருது," என்றார். "இதம்."

"இதமா?"

"ஒரு இயந்திரத்தோட பேரு. நான் வச்சதுதான்." அவர் மிக்சரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "போர்முனைல இருக்கிற பையனுக்கு வாரம் ஒரு தடவை வீட்டோட பேச விடணும். இல்லேன்னா மனசு உடைஞ்சிடுவான். ஆனா பேசும்போது உளறிடுவானே. எந்த மலை, எத்தனை பேரு, எப்ப ரேஷன் வரும்னு. எதிராளி ஒட்டுக்கேட்டுட்டே இருக்கான். அந்தக் காலத்துல என்ன பண்ணுவோம்? அந்த வார்த்தை வர்றப்ப லைனை வெட்டுவோம். வெட்டினா வீட்டுல பயந்துடுவாங்க. அதனால வெட்டாம, மாத்தினோம்."

"மாத்துறதுன்னா?"

"அவன் 'நாப்பது பேர் இருக்கோம்'னு சொல்லுவான். வீட்டுக்குப் போறப்ப 'நெறய பேர் இருக்கோம்'னு போகும். அவன் குரல்லயே. அதே மூச்சு, அதே தொண்டை. முதல் ரெண்டு மாசம் அவங்க பேசுறதைக் கேட்டே இதம் ரெண்டு பேர் குரலையும் கத்துக்கும். நடுவுல ரெண்டு விநாடி தாமதம் ஆகும். மலைலேர்ந்து பேசுறான், தாமதம் இருக்காதான்னு யாரும் சந்தேகப்படல."

கேட்கும்போது ஜெசிந்தாவுக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே பட்டது. குறித்துக்கொண்டாள்.

"அப்புறம் ஒருநாள் மேலதிகாரி ஒருத்தர் கேட்டாரு. ரகசியத்தை மட்டும் ஏன் மாத்துறீங்க, அழுகையையும் மாத்தலாமேன்னு. சரியான கேள்வி. பொண்டாட்டி அழுதா துப்பாக்கி புடிக்கிற கை நடுங்கும். புருஷன் அழுதா ஊரே கலங்கும். ரெண்டையும் எடுத்துட்டோம். உங்களுக்கு ஒண்ணு போட்டுக் காட்டுறேன். இதுதான் உங்க அத்தியாயத்துக்கே உயிர்."

அவர் எழுந்து போய் ஒரு சின்னப் பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பேரப்பிள்ளையின் பாட்டுக் கச்சேரியைப் போட்டுக் காட்டப்போகிறவர் போல முகம் மலர்ந்திருந்தது.

"ஏகாம்பரம். நாயக் ரேங்குல இருந்தான். ஒடுகத்தூர்ப் பக்கம். பதினொண்ணாம் காவல்முனைல சிக்கிக்கிட்டான். மேலே போகவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. லைன் மட்டும் இருந்துச்சு. எங்க லைன்! முதல்ல அவன் பேசினதைக் கேளுங்க."

காற்றின் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு ஆண்குரல், பல் தந்தியடிக்க.

"தமயந்தி, என்னால முடியல. காலு ரெண்டும் கறுத்துப்போச்சி. வெரலு இருக்கா இல்லியான்னே தெரியல. நாலு பேருதான் மிச்சம் கீறோம். கீழருந்து அவனுங்க மைக்ல கூப்புடுறானுங்க, துப்பாக்கியப் போட்டுட்டு வந்தா ஆஸ்பத்திரில சேக்குறோம்னு. போய்டட்டுமா? ஊருல அசிங்கமாப் பேசுவாங்களா? நீ சொல்லு. நீ இன்னா சொல்றியோ அத்த செய்றேன்."

கர்னல் விரலை உயர்த்தினார். "இப்ப, அந்தப் பொண்ணு காதுல விழுந்தது."

அதே குரல். காற்று இல்லை. நடுக்கம் இல்லை. "தமயந்தி, நல்லாகீறேன். குளிருதான் கொஞ்சம் ஜாஸ்தி. பசங்கல்லாம் சேந்து பாட்டுப் பாடினு கீறோம். கொழந்த எப்டி கீது?" முடிவில் ஒரு சிரிப்பு.

ஜெசிந்தாவின் பேனா நின்றது.

"இப்ப அவ சொன்னது."

"கொழந்தைக்கு ஜொரங்க. அப்பா அப்பான்னு அனத்துது. நீங்க சிரிக்கிறீங்களே! எனக்கு ஒண்ணும் வாணாம். வேலையும் வாணாம், பேரும் வாணாம். எப்டியாவது வந்துடுங்க. கூலி வேல செஞ்சாவது பொழச்சிக்கலாம். வந்துடுங்க."

"இப்ப அவன் கேட்டது. கவனமா கேளுங்க, இதோட அழகே இங்கதான்."

அந்தப் பெண்ணின் குரல் நிதானமாக, கனிவாக வந்தது. "கொழந்த நல்லாகீது. உங்களப் பத்திதாங்க ஊரே பேசுது. தல குனிஞ்சி வந்துடாதீங்க. அங்கயே இருங்க. நான் இருக்கேன்ல, பாத்துக்கிறேன்."

பிறகு நெடுநேரம் காற்று. கடைசியாக ஏகாம்பரம் சொன்னான்: "செரி."

"அந்த ஒரு 'செரி'யை மட்டும் இதம் தொடவே இல்ல," என்றார் கர்னல். "மாத்தத் தேவையே படல. அப்படியே வீட்டுக்குப் போயிடுச்சு. அவளும் 'வந்துடுங்க'ன்னதுக்கு 'செரி'ன்னுட்டான்னு நெனச்சிருப்பா. ரெண்டு பக்கமும் சந்தோஷம். அந்த நாலு பேரும் உதவிப்படை வர்ற வரைக்கும் முனையை விடல. பிணமாத்தான் கிடந்தாங்க, ஆனா முனை நம்மகிட்ட இருந்துச்சு. பதக்கம் வந்துச்சு."

அவர் விரலில் ஒட்டியிருந்த மிக்சர்த் தூளை நக்கிக்கொண்டார்.

ஜெசிந்தாவின் வயிற்றிலிருந்து காபி மேலே வந்தது. எழுந்து கை கழுவும் தொட்டிக்குப் போவதற்குள் வாய் நிறைந்துவிட்டது. குழாயைத் திறந்து துப்பினாள். தொட்டியில் போட்டிருந்த ரசகற்பூர உருண்டையின் வாடை மறுபடி குமட்டியது. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "பித்தமா மேடம்? எலுமிச்சம்பழம் தரச் சொல்லவா?"

திரும்பி வந்து நின்றுகொண்டே கேட்டாள். "அந்த அம்மாவுக்கு இது தெரியுமா சார்?"

"ஏன் தெரியணும்? தெரிஞ்சா யாருக்கு லாபம்? நூல்ல அசலைப் போடவேண்டாம். கேட்டதை மட்டும் போடுங்க. அது பொய் இல்லையே. அவன் கேட்டது அதைத்தானே?"

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வாயைத் துடைத்தபடியே வந்தாள். கர்னலைவிட அவர் முகத்தில் இருந்த பூரிப்புதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கொன்றவனின் முகமாக இருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அது பரிசு வாங்கிய முகம்.

தமயந்தியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தாள். நேரில் போகத்தான் நினைத்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொல்லும் தெம்பு வரவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். பிறகு கல்லூரி ஓய்வறையில் யாரும் இல்லாத ஒரு மதியம் போனில் கூப்பிட்டாள். தான் யார் என்று சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் சரணடையட்டுமா என்று உங்களிடம் கேட்டார், உங்கள் காதில் விழவிடவில்லை. நீங்கள் வரச் சொன்னீர்கள், இருக்கச் சொன்னதாக மாற்றிவிட்டார்கள். சொல்லி முடித்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது.

அப்புறம் தமயந்தி சொன்னாள்: "ரொம்ப நன்றிம்மா. இத்தினி வருஷம் கழிச்சி ஒருத்தராவது கூப்ட்டு சொன்னீங்களே. மனசு நெறஞ்சி போச்சி."

"நான் சொன்னது புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சிதும்மா. புக்குல அவரு பேரு வருதுல்ல? அது போதும்."

ஜெசிந்தா போனைக் கீழே வைத்தாள். அன்று முழுக்க அவளுக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. புருஷனைக் கொன்ற கதையைக் கேட்டுவிட்டு புத்தகத்தில் பேர் வருகிறதா என்று கேட்கிற பெண்! பதக்கமும் பென்ஷனும் சேர்ந்து ஒரு மனுஷியை இப்படி ஆக்கிவிடுமா? பாதிக்கப்பட்டவளுக்கே உறைக்காதபோது தனக்கு மட்டும் ஏன் எரிகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆறாவது அத்தியாயத்தை எழுதவில்லை. எழுதமாட்டேன் என்று அணிக்குச் சொல்லியனுப்பினாள். அவர்கள் வருத்தப்படவில்லை. வேறு ஆளை வைத்து எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். அட்டையில் அவள் பெயர் அப்படியே இருந்தது.

தன் பெயரை எடுக்கச் சொல்லத்தான் அவள் வைரவிழாவுக்குப் போனாள். கோட்டைக்கு எதிரே மைதானத்தில் பந்தல். 'குரலால் காத்தோம்' என்று பெரிய பதாகை. பழைய லாரிக்கு ஆயுதபூஜைபோல மாலை போட்டிருந்தார்கள். ஒரு கூடாரத்தில் இதத்தைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஆட்கள் வரிசையில் வந்து ஒலிவாங்கியில் கெட்டவார்த்தை சொல்லித் திட்டினார்கள். ஒலிபெருக்கியில் அவர்கள் குரலிலேயே "நல்லா இருக்கீங்களா? பாத்து நாளாச்சு" என்று வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு ஆள் மனைவியைத் தள்ளிவிட்டு, "மாமியாரத் திட்டுறியே, அத இங்க சொல்லு" என்றான். மறுபடி சிரிப்பு.

ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தபோது யாரோ கையைப் பிடித்தார்கள்.

"ஜெசிந்தா மேடம்தான? புக்குல படத்த பாத்தேன். நான் தமயந்தி."

ஐம்பது வயதைத் தாண்டாத, கறுத்து ஒல்லியான பெண். புதுப் புடவையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. மேடையில் போர்த்திய சால்வையைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். ஜெசிந்தாவுக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"உங்கள பாக்கணும்னுதாம்மா வந்தேன். இல்லன்னா இங்கல்லாம் வரமாட்டேன். நீங்க போன்ல சொன்னதக் கேட்டுட்டு அன்னிக்கி பூரா அழுதேன்." அவள் கண்கள் பளபளத்தன. "கொழந்தைக்கு ஜொரம்னு நான் தவிக்கிறேன், அந்த மனுசன் சிரிக்கிறாரு. வந்துடுங்கன்னு கெஞ்சினேன், செரின்னாரு, ஆனா வரல. அதான் அவருகிட்ட கடைசியா பேசினது. இருவது வருசமா அந்தச் சிரிப்பு மேல எனக்குக் கோவம். படத்துக்கு மால கூட போட்டதில்ல. நீங்கதான் சொன்னீங்க, கடைசி வரைக்கும் எம்பேரையே சொல்லினு இருந்தாரு, வலியே இல்லாம தூக்கத்துல போய்ட்டாருன்னு. அன்னிக்கிதாம்மா மொத மொத மால வாங்கிப் போட்டேன்."

ஜெசிந்தா அவளையே பார்த்தாள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"நீங்கதான் சொன்னீங்க. உங்க கொரலுதான். இப்பகூட அதே கொரலு."

பந்தலில் கைதட்டல் எழுந்தது. கர்னல் மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். ஜெசிந்தா தமயந்தியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அவரை மறித்தாள்.

"சார், நான் இந்த அம்மாகிட்ட போன்ல பேசினேன். நான் பேசினது இவங்களுக்குப் போகல."

"சாதாரண லைன்லயா பேசினீங்க?" அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ரெண்டு வருஷமா இதம் எல்லா லைன்லயும் இருக்கே மேடம். போன்ல பரவின வதந்தியால கலவரம் வந்துச்சே, அதுக்கு அப்புறம் அரசாங்கம் கேட்டுச்சு, எங்க அணிதான் குடுத்துச்சு. 'தெளிவான குரல் சேவை'ன்னு விளம்பரமெல்லாம் வந்துச்சே, பாக்கலையா? சனங்க மனசைக் கெடுக்கிற பேச்சு, பீதி, அழுகை, சண்டை இதையெல்லாம் கொஞ்சம் தணிச்சு அனுப்பும். போன் மூலமா வர்ற தகராறு பாதியாக் குறைஞ்சிருக்கு. நீங்களே யோசிச்சுப் பாருங்க, ரெண்டு வருஷத்துல உங்ககிட்ட யாராவது போன்ல எரிஞ்சு விழுந்திருக்காங்களா?"

அவள் யோசித்தாள். இல்லை. துபாயில் இருக்கும் தம்பி எப்போதும் நன்றாக இருப்பதாகவே சொல்கிறான்.

"பாத்தீங்களா?" என்று சிரித்துவிட்டு அவர் சாப்பாட்டுப் பந்திக்குப் போனார்.

ஜெசிந்தா தமயந்தியைக் கைப்பிடித்து மைதானத்தின் ஓரத்துக்கு, தண்ணீர்த்தொட்டி நிழலுக்கு அழைத்துப் போனாள். இந்தமுறை முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். ஏகாம்பரம் கேட்டதைச் சொன்னாள். கறுத்துப்போன காலைச் சொன்னாள். அவனிடம் தமயந்தியின் குரல் என்ன பதில் சொன்னது என்பதையும், அவன் "செரி" என்றதையும் சொன்னாள்.

தமயந்தி அழவில்லை. நெடுநேரம் தன் உதட்டை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

"என் வாயாலயா?" என்றாள். "தல குனிஞ்சி வராதன்னு, என் வாயாலயா சொன்னாங்க?"

எழுந்து போய்த் தொட்டிக் குழாயைத் திறந்தாள். வாய் நிறையத் தண்ணீர் பிடித்துக் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி பிடித்தாள், துப்பினாள். விரலை விட்டு நாக்கை வழித்தாள். புதுப் புடவை முன்பக்கம் முழுக்க நனைந்தது. ஜெசிந்தா தடுக்கப் போனாள், பிறகு தடுக்கவில்லை. சுருட்டி வைத்திருந்த சால்வையால் தமயந்தி வாயைத் துடைத்தாள். எதனால் துடைத்தோம் என்று பார்த்தாள். சாக்கடை ஓரத்தில் போட்டாள்.

அப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"யாழினி," என்றாள். "எம் பொண்ணு. ஓசூர்ல குடுத்துருக்கேன். கல்யாணமாயி ரெண்டு வருசம் ஆவுது." எடுத்துக் காதில் வைத்தாள். ஜெசிந்தாவுக்கும் கேட்டது. உற்சாகமான, தெளிவான ஒரு இளம்பெண் குரல்.

"நல்லாகீறேம்மா. சாப்ட்டேன். அவரு இப்பதான் வேலைக்குப் போனாரு. நீ ஒடம்பப் பாத்துக்க."

"ஒண்ணும் பிரச்சன இல்லியே யாழினி?"

இரண்டு விநாடி.

"ஒண்ணும் இல்லம்மா. சந்தோசமாகீறேன்."

தமயந்தி போனைக் காதிலிருந்து எடுத்தாள். அதை வைத்துக்கொள்ளவும் முடியாமல் வீசவும் முடியாமல், செத்த எலியைப் பிடிப்பதுபோல நுனியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப கூப்ட்டாலும் இதாம்மா சொல்றா. பொங்கலுக்கு வந்தா. அவ புருசன் பக்கத்துலயே நின்னான். இவ ஒரு வார்த்த பேசல. சந்தோசமாத்தான் கீறா போலன்னு நெனச்சிக்கினேன்." நிமிர்ந்தாள். "ஓசூருக்கு பஸ்சு எங்க நிக்கும்?"

"நானும் வரேன்," என்றாள் ஜெசிந்தா.

ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி. பஸ்ஸில் எல்லோரும் போனில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. முன் இருக்கையில் ஒரு ஆள் மட்டும் கதறாத குறையாக எதையோ கெஞ்சிவிட்டு, மறுமுனை சொன்னதைக் கேட்டுப் புரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவுக்கு எழுந்துபோய் அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது. எதைச் சொல்லி எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

ஓசூரில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரே மாதிரியான வரிசை வீடுகள். தமயந்தி கதவைத் தட்டினாள். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் பாதி விலகி, கதவு ஒரு கை அளவுக்குத் திறந்தது.

யாழினியின் இடது கண் மூடியிருந்தது. அதைச் சுற்றி இருந்த கறுப்பு கன்னம் வரை இறங்கி மஞ்சளாக மாறியிருந்தது. அம்மாவைப் பார்த்து அவள் ஓடி வரவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"இன்னாத்துக்கு வந்த?" என்றாள். குரல் கரகரத்தது. போனில் கேட்ட குரலே இல்லை. "எத்தினி வாட்டி அழுதேன், வந்து கூட்டினு போம்மான்னு. இன்னிக்கிகூடக் கதறினேனே. ஒவ்வொரு வாட்டியும் அனுசரிச்சிப் போடி, எல்லாம் செரியாப் பூடும்னு சிரிச்சினே சொன்னியே. இப்ப இன்னாத்துக்கு வந்த?"

தமயந்தி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அது நான் இல்லடி," என்றாள். "செருப்பப் போடு. போலாம்."